வீட்டில் கிளி வளர்க்கலாமா? சட்டம் சொல்வதும் பறவை கேட்பதும்

வட்டவடை (இடுக்கி): பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது இந்தியாவில் தண்டனைக்குரிய குற்றம். கடைகளில் விற்கப்படும் பல வெளிநாட்டுக் கிளிகளை நிபந்தனைகளுக்கு உட்பட்டு வளர்க்கலாம். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அறியாமலேயே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளி வளர்க்கின்றன. அறியாமை காரணமாக வழக்கில் சிக்குவோர் ஒருபுறம் இருக்க, தவறான உணவாலும் அடுப்புப் புகையாலும் உயிரிழக்கும் பறவைகள் மறுபுறம். கேரள–தமிழக எல்லையில், மூணாற்றிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வட்டவடை போன்ற மலை ஊர்களில் இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. அங்கே காட்டுக்கிளியும் வீட்டுக்கிளியும் ஒரே மலைச்சரிவைப் பகிர்ந்துகொள்கின்றன.

தமிழ் பேசும் வேளாண் குடிகள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் வட்டவடை, கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றது. டாப் ஸ்டேஷனிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் சாலை, 2003 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் ஊடாகச் செல்கிறது. நீலக்குறிஞ்சிக்காக 2006 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயமும் இப்பகுதியைச் சார்ந்ததே. சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் தினைப்புனம் காக்கும் பெண்கள் விரட்டியது கிளிகளைத்தான். தட்டை, குளிர் எனத் தனிக் கருவிகளே அதற்கு இருந்தன. மலைநிலத்தில் கிளி முதலில் பயிரைத் தின்னும் பறவையாகவே அறியப்பட்டது. கூண்டுப் பறவையானது பின்னர்தான்.

அன்பின் அடையாளமாகவும் கிளி விரைவிலேயே மாறிவிட்டது. மதுரை மீனாட்சியின் கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் தோளில் கிளி. ஆண்டாளின் கிளி நாள்தோறும் மரவள்ளி இலையாலும் மாதுளம்பூவாலும் புதிதாகச் செய்யப்படுவது. மீனாட்சி அம்மன் கோயிலில் உள்ள கிளிக்கூட்டு மண்டபம், உயிருள்ள கிளிகளைக் கூண்டில் வைத்துப் பேசப் பழக்கிய காலத்தின் நினைவாக அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மண்டபத்தின் பெயர் இன்றும் அப்படியே உள்ளது. அந்தப் பழக்கத்தைச் சட்டம் இன்று அனுமதிப்பதில்லை.

எந்தக் கிளி குற்றம்?

கழுத்தில் இளஞ்சிவப்பு வளையம் கொண்ட பச்சைக்கிளி, தோளில் செந்நிறப் பட்டை உடைய பெரிய பச்சைக்கிளி, செந்தலைக்கிளி, தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும் சின்னக்கிளி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் நீலச்சிறகுக் கிளி ஆகிய அனைத்தும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. இந்தியப் பறவைகளின் வணிகம் 1990-களின் தொடக்கத்திலேயே தடைசெய்யப்பட்டது. இச்சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லின் பொருள் விரிந்தது. கொல்வதுடன், பிடிப்பதும் கண்ணி வைப்பதும் கூட்டையோ முட்டையையோ சேதப்படுத்துவதும் வேட்டையாகவே கருதப்படும். மரப்பொந்திலிருந்து குஞ்சை எடுத்து வளர்த்தவர், ‘நான் அதற்குத் தீங்கு செய்யவில்லையே’ என்று வாதிட இடமில்லை.

2022 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுவான மீறல்களுக்கான அபராத உச்சவரம்பு ரூ.25 ஆயிரத்திலிருந்து ரூ.1 லட்சமாக உயர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் உண்டு. திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 2023 பிப்ரவரியில், நகைச்சுவை நடிகர் ஒருவரின் சென்னை இல்லத்திலிருந்து பெரிய பச்சைக்கிளிகள் இரண்டை வனத்துறையினர் மீட்டு, ரூ.2.5 லட்சம் அபராதம் விதித்தனர். அப்பறவைகள் கிண்டி சிறுவர் பூங்காவுக்கு மாற்றப்பட்டன. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் வேட்பாளர் ஒருவருக்குக் குறி சொன்ன கிளி ஜோதிடரிடமிருந்தும் கிளிகள் பறிமுதல் செய்யப்பட்டன. அதுவரை தெருவோரக் காட்சியாகவே பார்க்கப்பட்ட கிளி ஜோதிடம், அதன் பிறகுதான் சட்டக் கேள்வியாகப் பலரின் கண்ணில் பட்டது.

நீலமாகவோ மஞ்சளாகவோ உள்ள பச்சைக்கிளி வகைகளைச் சிலர் ‘வெளிநாட்டுக் கிளி’ என்று சொல்லி விற்பதுண்டு. அவை பச்சைக்கிளியின் நிறமாற்ற வகைகளே. நிறம் மாறியதால் இனம் மாறிவிடாது. வாங்குவோர் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகின்றனர்.

ஏன் இவ்வளவு கடுமை என்ற கேள்வி எழலாம். பச்சைக்கிளி ஊருக்கு ஊர் பறக்கும் பறவைதானே? கிளி தானாகப் பொந்து குடைவதில்லை என்பதே இதற்கு விடை. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து கைவிட்ட பொந்துகளையே அது நம்பியிருக்கிறது. நீலச்சிறகுக் கிளியின் இனப்பெருக்கக் காலம் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டிய மாதங்கள். ஒரு முறைக்கு நான்கு முட்டை அளவில் இடும் பறவை அது. குஞ்சு திருடுபவர்கள் கைக்கு எட்டாத பொந்தைக் கத்தியால் அகலப்படுத்தினாலோ மரத்தையே வெட்டிச் சாய்த்தாலோ, அந்த ஆண்டின் குஞ்சுகளோடு அடுத்தடுத்த ஆண்டுகளின் கூடும் போய்விடும். பிடிபட்டவற்றுள் சந்தைக்கு வந்து சேரும் முன்பே நெரிசலாலும் பசியாலும் இறப்பவையும் உண்டு. கூண்டில் தெரியும் ஒரு கிளியைக் கொண்டு இழப்பைக் கணக்கிட முடியாது.

வளர்க்கத்தக்கவை எவை?

தமிழ்நாட்டிலும் எல்லையோரக் கேரளத்திலும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைக்கப்படும் சிறு பறவை உண்மையில் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை, வால் குட்டையானவை. கொண்டையுடைய காக்கடீல் பறவையைக் கடைக்காரர்கள் ‘காக்டெய்ல்’ என்றே சொல்வர். பெயர்க் குழப்பம் வேடிக்கையாகத் தோன்றினாலும் சட்ட விளைவு உடையது. பட்ஜெரிகர், காக்கடீல், பீச் நிற முகம் கொண்ட லவ் பேர்ட்ஸ் ஆகியவை பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தமான சைட்டீஸ் பட்டியலில் இல்லை. மற்ற லவ் பேர்ட்ஸ், சன் கானூர், மக்காவ், காக்கட்டூ, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. சாம்பல் கிளி 2017 முதல் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் பின்னிணைப்பில் இடம்பெற்றுள்ளது.

சைட்டீஸ் பட்டியல் இனங்கள் 2022 திருத்தத்தின் வழியாக இந்தியச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதிகளை மத்திய அரசு 2024 பிப்ரவரி 28 அன்று வெளியிட்டது. ‘பரிவேஷ் 2.0’ இணையதளத்தில் ரூ.1,000 கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கையிலிருந்த பறவைகளுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. புதிதாகப் பெறுவோர் 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூண்டில் குஞ்சு பொரித்தாலும், பறவை இறந்தாலும், வேறொருவருக்குக் கைமாறினாலும் தகவல் தர வேண்டும். வாங்கும்போதே விற்பவரிடம் எழுத்துப்பூர்வமான ரசீதும் பறவையின் மூல ஆவணமும் கேட்டுப் பெறுவது அவசியம். ஆவணம் தர மறுக்கும் கடையில் பறவை மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த மலிவின் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. செல்லப் பிராணிக் கடைகள் 2018 ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் பச்சைக்கிளி இருந்தால்?

இக்கேள்வியே மிகப் பலருக்கு உரியது. காயத்துடன் கிடைத்த குஞ்சைத் தூக்கி வளர்த்தவர், பத்து ஆண்டுகளாக ஒரே கிளியைப் பேணிவரும் முதியவர் ஆகியோர் செய்யும் முதல் தவறு, பயந்துபோய்க் கூண்டைத் திறந்துவிடுவது. கூண்டில் வளர்ந்த கிளிக்கு நெடுந்தொலைவு பறக்கத் தசைவலு இருப்பதில்லை. இரை தேடத் தெரியாது. பருந்தையும் பூனையையும் அஞ்சத் தெரியாது. மனிதரை நாடி இன்னொரு வாசலில் இறங்கும், அல்லது காக்கைகளிடம் சிக்கும். வட்டவடை போன்ற உயரமான, குளிரான இடத்தில் சமவெளிக் கிளியைத் திறந்துவிடுவது இன்னும் மோசம். அதன் இயல்பான வாழிடமே அதுவன்று.

அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் தாமே முன்வந்து ஒப்படைப்பதே முறையான வழி. வனத்துறை அப்பறவையைப் பரிசோதித்து, பறக்கும் திறன் திரும்பினால் காட்டில் விடவும், இயலாவிட்டால் உயிரியல் பூங்காவிலோ மறுவாழ்வு மையத்திலோ வைத்துப் பேணவும் ஏற்பாடு செய்யும். பழகிய பறவையைப் பிரிவது குடும்பத்துக்குத் துயரம் தருவதே. ஆயினும் அது கூட்டமாக வாழப் பிறந்த பறவை. தன் இனத்தின் குரலையே கேட்காமல் சமையலறை மூலையில் கழியும் ஆண்டுகளோடு ஒப்பிட்டால், மற்ற கிளிகளுடன் பெரிய அடைப்பில் வாழ்வது அதற்கு நல்லதே.

தினை மட்டும் போதாது

அனுமதிக்கப்பட்ட கிளிகளை வளர்ப்போரிடம் பரவலாகக் காணப்படும் பிழை, தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே கொடுப்பது. விதையில் கொழுப்பு மிகுதி. வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. விதையை மட்டுமே தின்று வளரும் கிளிக்கு மூக்குத் துவாரத்தில் அடைப்பு, வாயில் வெண்படலம், மூச்சுத் தொற்று ஆகியவை வரும். நாளடைவில் ஈரலில் கொழுப்பு படியும். பார்வைக்குப் பருத்து ‘நன்றாக இருக்கும்’ பறவை ஒருநாள் காலையில் கூண்டின் தரையில் கிடக்கும்.

மருந்து மலைத்தோட்டத்திலேயே இருக்கிறது. வட்டவடையின் கேரட், பீன்ஸ், கீரை வகைகள், கொய்யா, கோவைப்பழம், முளைகட்டிய பயறு ஆகியவை தினசரி உணவில் பாதியளவு இடம்பெறலாம். பூச்சிமருந்து தெளித்த காய்களை நன்கு கழுவிய பிறகே தர வேண்டும். 30 கிராம் எடையுள்ள பட்ஜெரிகருக்குச் சிறிதளவு நஞ்சும் பெரிதே. பச்சை மிளகாயைக் கிளி ஆர்வமாய்த் தின்பதற்குக் காரணம், மிளகாயின் காரத்தை உணரும் அமைப்பு பறவைகளின் நரம்புகளில் இல்லை என்பதே. அதனால் மிளகாய் தருவதில் கேடில்லை. அவகாடோ, சாக்லேட், காபி, தேநீர், உப்பு சேர்த்த தின்பண்டங்கள், ஆப்பிள் விதை ஆகியவை ஆகாதவை. புவிசார் குறியீடு பெற்ற காந்தளூர்–வட்டவடைப் பூண்டு மனிதருக்கு மருந்தாகலாம்; கிளிக்கு வெங்காயமும் பூண்டும் வேண்டா. கூண்டில் தொங்கவிடப்படும் கடல்நுரை, அதாவது கணவாய் மீனின் ஓடு, சுண்ணாம்புச் சத்துக்காக வைக்கப்படுவது. முட்டையிடும் பெண் பறவைக்கு அது இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கு ஆபத்து நேரிடும்.

புகையும் குளிரும்

மலைவீடுகளில் மாலைக் குளிருக்கு அடுப்படியே கதகதப்பான இடம். கூண்டையும் அங்கேயே வைப்பது இயல்பாகத் தோன்றும். அதைவிட ஆபத்தான இடம் வீட்டில் வேறில்லை. பறவையின் நுரையீரலுடன் காற்றுப் பைகளும் இணைந்துள்ளன; உள்ளிழுக்கும் மூச்சிலிருந்து அது மனிதனைவிட மிகுதியான காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. நஞ்சையும் அதே திறனுடன் உறிஞ்சும். இக்காரணத்தால்தான் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவைக் கண்டறிய 1986 வரை கேனரிப் பறவைகள் பயன்பட்டன. விறகுப் புகை, கரி அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, கொசுவத்திச் சுருள், சாம்பிராணி ஆகிய அனைத்தும் கிளிக்குத் தீங்கானவை. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை அடுப்பில் மறந்து விட்டுவிட்டால், அளவுக்கு மீறிச் சூடான பூச்சிலிருந்து எழும் நிறமற்ற ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். வீட்டாருக்கு மணம்கூடத் தெரியாமல் போகலாம்.

குளிரைப் பொறுத்தவரை, வறண்ட குளிரை நலமுள்ள கிளி ஓரளவு தாங்கும். ஈரக்காற்று நேரடியாக அடிப்பதையும் திடீர் வெப்பநிலை மாற்றத்தையும் தாங்காது. கூண்டை உட்சுவரை ஒட்டி வைத்து, இரவில் மூன்று பக்கமும் தடித்த துணியால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்கு விடலாம். பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருள் உறக்கமும் அதனால் கிடைக்கும். தொலைக்காட்சி நள்ளிரவு வரை ஓடும் கூடத்தில் உறங்க முடியாத கிளி எரிச்சல் கொண்டு கடிக்கும். மூடுபனிக் காலத்தில் தினையில் பூஞ்சை பிடிப்பது மலையூர்களுக்கே உரிய சிக்கல். பூஞ்சை பிடித்த தானியம் ஈரலையும் நுரையீரலையும் தாக்கும். காற்றுப் புகாத டின்னில் சிறிதளவே வாங்கி வைப்பது நல்லது. மக்கிய வாடை வந்தால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும்.

கூண்டு உயரத்தைவிட அகலத்தில் பெரிதாக இருக்க வேண்டும். கிளி மேல்கீழாகப் பறப்பதில்லை, பக்கவாட்டில்தான் பறக்கும். துத்தநாகப் பூச்சுள்ள மலிவான கம்பியைக் கொறித்தால் உலோக நஞ்சேறும். ஒரே தடிமனுள்ள பிளாஸ்டிக் குச்சியில் நாளெல்லாம் நின்றால் பாதம் புண்ணாகும். வேம்பு, கொய்யாக் கிளைகளை வெவ்வேறு தடிமனில் வெட்டிப் பொருத்தலாம். கொறிப்பதற்கும் அவையே உதவும்.

பேச்சும் இறகுப் பிடுங்கலும்

கிளியின் பேச்சு நாக்கில் பிறப்பதன்று. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள குரலுறுப்பில் பிறப்பது. நாக்கைச் சுரண்டினால் பேசும் என்று நம்பிச் செய்யப்படும் கொடுமையால் புண்தான் மிஞ்சும். கூட்டத்தோடு சேர்ந்திருக்க அதே ஓசையை எழுப்புவது கிளியின் இயல்பு. வீட்டில் மனிதரே கூட்டமாகிவிடுவதால் மனித ஓசையை எழுப்புகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் பயிற்றுவித்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007 இல் 31 வயதில் இறக்கும் முன் நிறம், வடிவம், சிற்றெண்கள் ஆகியவற்றைச் சொல்லால் குறிப்பிடக் கற்றிருந்தது. அத்தகைய அறிவுள்ள உயிருக்கு வெறுமை பெரும் தண்டனை. தனிமையில் விடப்படும் கிளி தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்வதும், ஓயாமல் அலறுவதும் அதனால்தான். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, மின்விசிறி நிறுத்தப்பட்ட அறையில், ஆள் துணையுடன் இருக்க வாய்ப்புத் தர இயலாதவர் பெரிய கிளிகளை வாங்காதிருப்பதே நன்று.

நோய்

காட்டில் பலவீனம் காட்டும் பறவை இரையாகிவிடும் என்பதால், கிளி நோயைக் கடைசிவரை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலிலும் உறங்குவது, வால் மூச்சுக்கேற்ப மேலும் கீழும் ஆடுவது, எச்சத்தின் நிறம் மாறுவது, எடை குறைவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்ப்பது பல உயிர்களைக் காக்கும் எளிய பழக்கம். மலைப்பகுதிக் கால்நடை மருந்தகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடுகளுக்கானவை. மண்ணுத்தி, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் வட்டவடையிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளன. பறவைகளைப் பார்க்கும் மருத்துவரின் தொடர்பை, நோய் வரும் முன்பே, உள்ளூர் மருந்தகத்தின் வழியாகக் கேட்டு வைத்திருப்பது நல்லது.

கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற நோயும் கவனத்துக்குரியது. உலர்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால் பரவும் இந்நோய் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமலுடன் தொடங்கி நிமோனியாவாகலாம். 1929–30 இல் தென் அமெரிக்கக் கிளிகளின் வழியே பல நாடுகளில் பரவி உயிர்களைப் பறித்தது. 2024 மார்ச்சில் ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் ஆகிய ஐந்து ஐரோப்பிய நாடுகளில் பாதிப்பு கூடியிருப்பதை உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. உரிய ஆன்டிபயாடிக் மருந்துகளால் குணமாகக்கூடியது. ஆனால் வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் சொன்னால்தான் அவருக்கு இந்த ஐயம் எழும். கூண்டைக் காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்காமல், நீர் தெளித்து ஈரமாக்கித் துடைக்க வேண்டும். புதிதாக வாங்கிய பறவையைக் குறைந்தது 30 நாள்கள் மற்றவற்றிலிருந்து வேறு அறையில் வைக்க வேண்டும்.

பட்ஜெரிகர் ஐந்து முதல் பத்து ஆண்டுகளும் காக்கடீல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. சாம்பல் கிளியும் மக்காவும் நன்கு பேணப்பட்டால் 40, 50 ஆண்டுகளைத் தாண்டும். ஐம்பது வயதில் மக்காவ் குஞ்சு வாங்குபவர், தமக்குப் பின் அதை யார் வளர்ப்பார் என்பதை அப்போதே வீட்டாரிடம் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். பரிவேஷ் பதிவில் உரிமை மாற்றத்துக்கான இடம் உள்ளது. ஆனால் அப்பறவையை ஏற்க ஒருவர் முன்வந்தால்தான் அந்தப் படிவத்தை நிரப்ப முடியும்.